வேர்ப்பூஞ்சையும் டி.என்.ஏ.வும்: காரைக்குடி அக்காகிட்ட கேளுங்க

அக்கா, முந்திரி வேருக்குள்ள குடியிருந்து செடிக்குச் சத்து எடுத்துக் குடுக்கற வேம் பூஞ்சை எந்தெந்த இனம்னு பாக்க ஐ.டி.எஸ்.ங்கிற டி.என்.ஏ. துண்டு போதாதா? லேப்ல எல்லாரும் அதான் பண்றாங்க. (காரைக்குடி மாணவர்)

போதாது தம்பி. மத்த பூஞ்சைக்கு ஐ.டி.எஸ். நல்ல அடையாளம்தான், வேம் கதை வேற. ஒரே ஒரு ஸ்போருக்குள்ள (பூஞ்சையோட விதை மாதிரி) நூத்துக்கணக்குல நியூக்ளியஸ் இருக்கு, ஐ.டி.எஸ். இருக்குற ரைபோசோம் ஜீன் பகுதியோட நகல்களும் ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, அதனால ஒத்த ஸ்போர்ல இருந்தே பல விதமா ஐ.டி.எஸ். வரும், நீ அத்தனையும் தனித்தனி இனம்னு தீசிஸ்ல எழுதிருவ. அதே பகுதியில இருக்குற 18எஸ் ஜீனை எடு. ஏ.எம்.எல்.1, ஏ.எம்.எல்.2னு 2008ல வந்த பிரைமர் (நகலெடுக்க வேண்டிய துண்டோட ரெண்டு முனையையும் பிடிக்கற சின்ன டி.என்.ஏ.) இருக்கு, 800 டி.என்.ஏ. எழுத்து கிட்ட கிடைக்கும், மார்ஜாம்ங்கிற வேம் பூஞ்சை டி.என்.ஏ. தரவுத்தளத்துல ஒப்பிட்டுப் பாக்கலாம். நெருங்கின இனங்களை 18எஸ் பிரிக்காது, அதுக்கு 2009ல வந்த நீளத் துண்டு எடுக்கற பிரைமர் செட், 1500 எழுத்து வரும்.

வேரை ஈரத்தோட பிளாஸ்டிக் கவர்ல கட்டி பஸ்ல கொண்டு வராத. நூல் மாதிரி நுனி வேரை மட்டும் செம்மண் போக மூணு தடவை அலசி, உடனே ஈரத்தை உறிஞ்சுற சிலிக்கா ஜெல்ல போடு.

மிளகாய்க்கு வேம் உரம் ஏக்கருக்கு எத்தனை கிலோ?

வேளாண் அலுவலகத்துல கேளுங்க.

தைல மரத்துக்கும் அதே பிரைமரா?

அதுல வேமும் இருக்கும், வேருக்கு வெளியே உறை போடுற எக்டோ பூஞ்சையும் இருக்கும். எக்டோவுக்கு ஐ.டி.எஸ்.1எஃப், ஐ.டி.எஸ்.4 பிரைமர். இங்க ஐ.டி.எஸ். சரி.

சவுக்கு வேர் முடிச்சு எந்தப் பூஞ்சை?

பூஞ்சையே இல்ல, ஃபிராங்கியாங்கிற பாக்டீரியா.

எதுக்கும்மா இவ்ளோ செலவு? மண்ணை சலிச்சு ஸ்போரை மைக்ராஸ்கோப்ல எண்ணுனாலே தெரிஞ்சிருமே. (பள்ளத்தூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஐயா, மண்ணுல ஸ்போர் கெடக்குறவன்தான் வேருக்குள்ள குடியிருக்கான்னு சொல்ல முடியாது. சிலது ஸ்போரே அதிகம் விடாது, வேர் முழுக்க அதுதான் இருக்கும்.

செத்த பூஞ்சையோட டி.என்.ஏ.வும்தான வரும்? (அதே ஆசிரியர்)

வரும்யா, நீங்க சொல்றது நியாயம். அதுக்குத்தான் அதே வேர்ல பாதியை கே.ஓ.எச். காரக் கரைசல்ல வேகவச்சு ட்ரைபான் புளூ சாயம் போடச் சொல்றேன். செல்லுக்குள்ள குட்டி மரம் கிளை விட்ட மாதிரி நீலமா தெரிஞ்சா பூஞ்சை உள்ள குடியேறியிருக்குன்னு அர்த்தம். இன்னொண்ணு, டி.என்.ஏ. வரிசையைப் படிக்கறப்ப வர்ற ரீட் எண்ணிக்கை அதிகமா வந்தா பூஞ்சை அதிகம்னு யாரும் எழுதாதீங்க, எத்தனை தடவை சொல்றது.

தண்டுக்கீரைக்கு வேம் எத்தனை கிலோ?

மறுபடியும் கிலோவா! தண்டுக்கீரைக் குடும்பம் பெரும்பாலும் வேமோட சேராது. காசைக் கரியாக்காதீங்க.

அக்கா, முந்திரி வேர்ல பி.சி.ஆர்.ல (டி.என்.ஏ.வை நகலெடுக்கறது) பேண்டே வரல.

வேர்ல இருக்குற துவர்ப்புச் சத்து நகலெடுக்கற என்சைமைத் தடுக்குது. டி.என்.ஏ.வைப் பத்து மடங்கு தண்ணியாக்கி, பி.எஸ்.ஏ. புரதம் சேத்து ஓட்டிப் பாரு. வேரை பிளாஸ்டிக் கவர்லதான கொண்டு வந்த?