வாசகர் கேள்வி - பதில்: பழைய ‘ஸ்டார் டிரெக்’கில் எதைப் பார்ப்பது, எதைத் தாண்டுவது?

1960-களின் அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரான பழைய ‘ஸ்டார் டிரெக்’கை இதுவரை பார்த்ததில்லை. மொத்தம் 79 எபிசோட் என்கிறார்கள். முதலிலிருந்து வரிசையாகப் பார்க்கலாமா?

வேண்டாம். 1966 செப்டம்பர் 8 அன்று முதலில் ஒளிபரப்பான ‘தி மேன் டிராப்’, மனித உடம்பிலுள்ள உப்பை உறிஞ்சிக் கொல்லும் ஒரு ஜந்துவின் கதை. மோசமில்லை. ஆனால் தொடர் முழுக்க வாராவாரம் ஒரு பூச்சாண்டிதான் போலிருக்கிறது என்று எண்ண வைத்துவிடும்.

அதே சீசனில் டிசம்பர் 15 அன்று வந்த ‘பேலன்ஸ் ஆஃப் டெரர்’தான் சரியான வாசல். கண்ணுக்குத் தெரியாமல் மறையும், ரோமுலன் என்ற எதிரி இனத்தின் கப்பலை, நாயகர்களின் விண்கப்பலான என்டர்பிரைஸ் துரத்துகிறது. அசலில் இது நீர்மூழ்கிக் கப்பல் சண்டை. கடலுக்குப் பதில் விண்வெளி, அவ்வளவுதான். ஆட்ட விதிகள் தெளிவானவை: ரோமுலன் கப்பல் மறைந்திருக்கும்போது சுட முடியாது, சுட வேண்டுமானால் வெளியே தெரிந்தாக வேண்டும். அதன் ஆயுதம் தூரம் போகப் போக வலு குறையும். இந்த விதிகளை மீறாமலேயே 50 நிமிடம் கதை நகர்கிறது. ரோமுலன் தளபதியின் கூர்க்காது முகம் முதன்முதலாகத் திரையில் தெரியும்போது, திரையை விட்டுவிட்டு, அதே கூர்க்காதுள்ள என்டர்பிரைஸ் அதிகாரி ஸ்பாக்கின் பக்கம் திரும்பும் முகங்களைக் கவனியுங்கள். அந்த எபிசோடின் இரண்டாவது சண்டை அங்கே, கப்பலுக்குள்ளேயே தொடங்குகிறது.

குறை ஒன்று உண்டு. எதிரிக்குக் கேட்டுவிடுமோ என்பதுபோல ஆட்கள் குரலைத் தாழ்த்துகிறார்கள். நடுவே இருப்பது வெற்றிடம், ஒலி எப்படிப் போகும்? நீர்மூழ்கியோடு ஒட்டிக்கொண்டு வந்த பழக்கம். மன்னித்துவிடலாம்.

ஒளிபரப்பான வரிசையா, எடுத்த வரிசையா? கதையில் சொல்லப்படும் ‘ஸ்டார்டேட்’ என்ற கற்பனைத் தேதி எண்ணை வைத்து அடுக்கலாமா?

ஸ்டார்டேட்டை நம்பாதீர்கள். முதலில் ஒளிபரப்பான எபிசோடில் 1513 என்று வரும். மூன்றாவதாக ஒளிபரப்பானதில் 1312. தொடர் முழுக்க இப்படித்தான் முன்னும் பின்னும் போகும்.

அந்த மூன்றாவது, ‘வேர் நோ மேன் ஹாஸ் கான் பிஃபோர்’, உண்மையில் 1965-ல் எடுத்த பைலட், அதாவது தொடருக்கு முன் எடுத்த மாதிரி எபிசோட். அதைத் தெரியாமல் மூன்றாவதாகப் பார்த்தால் குழம்புவீர்கள். கப்பலின் வழக்கமான டாக்டர் மெக்காய் இல்லை, வேறொரு டாக்டர் இருக்கிறார். தகவல்தொடர்பு அதிகாரி உஹுரா இல்லை. சூலு வழக்கம்போல் கப்பலை ஓட்டவில்லை, விஞ்ஞானியாக நிற்கிறார். சீருடையும் வேறு. கல்லறைக் கல்லில் கேப்டன் கிர்க்கின் பெயர் ‘ஜேம்ஸ் ஆர். கிர்க்’ என்றிருக்கும். பின்னால்தான் அது ‘டி’ ஆனது. எனவே இதை முதலில் பாருங்கள், அல்லது ஐந்தாறு பார்த்துப் பழகிய பிறகு தனியாகப் பாருங்கள். மற்றவை பெரும்பாலும் தனித்தனிக் கதைகள். வரிசை மாறினால் கெட்டுப்போகாது.

ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரமிருக்கிறது என்றால்?

‘தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்’, 1967 ஏப்ரல் 6. இதில் ரசிகர்களுக்குள் பெரிய சண்டை கிடையாது.

ஒரு விபத்தில் அளவுக்கு மீறி மருந்து ஏறிப் பித்துப் பிடித்த மெக்காய், காலவாசல் ஒன்றில் பாய்ந்து சரித்திரத்தைக் கலைத்துவிடுகிறார். என்டர்பிரைஸ் கப்பலே இல்லாமல் போகிறது. சரிசெய்ய கிர்க்கும் ஸ்பாக்கும் 1930-ன் நியூயார்க்கில் இறங்குகிறார்கள். ஏழைகளுக்குச் சோறு போடும் ஈடித் கீலர் என்ற பெண் மீது கிர்க்குக்குக் காதல்.

கதையின் பூட்டு எங்கே விழுகிறது என்று பாருங்கள். ரேடியோ வால்வுகளையும் கம்பிகளையும் வைத்து ஸ்பாக் ஒரு கருவி கட்டி, பதிவான சரித்திரத்தைப் படிக்கிறார். ஈடித்தைப் பற்றி இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. ஒன்றில் அவள் 1930-லேயே விபத்தில் இறக்கிறாள். மற்றொன்றில் 1936-ல் அமெரிக்க ஜனாதிபதியோடு பேசுகிறாள். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. எது சரியானது என்று தெரிவதற்குள் கருவி புகைந்துவிடுகிறது. வில்லன் கிடையாது, துப்பாக்கிச் சண்டை கிடையாது. இரண்டு செய்தித் துணுக்குகள்தான் கதையையே நகர்த்துகின்றன.

மேற்கொண்டு கதை சொல்லப் போவதில்லை. மாடிப்படியில் ஈடித்தின் கால் தடுக்குகிறது, கிர்க் சட்டென்று பிடித்துவிடுகிறார். அதற்குப் பிறகு ஸ்பாக் சொல்வதை மட்டும் தவறவிடாதீர்கள்.

திரைக்குப் பின்னால் வேறு சண்டை. ஹார்லன் எலிசன் எழுதியதைத் தயாரிப்புக் குழுவினர் ஆளாளுக்குத் திருத்தினார்கள்; அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை. ஒளிபரப்பான வடிவத்துக்கு 1968-ல் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது. அவருடைய அசல் பிரதிக்கு எழுத்தாளர் சங்கத்தின் விருது. இரு தரப்பும் ‘பார்த்தாயா’ என்று சொல்லிக்கொள்ள வழி கிடைத்தது.

‘டிரிபிள்’ எபிசோடில் ஸ்பாக் 17,71,561 என்று ஒரு கணக்கு சொல்கிறார். சும்மா அடித்துவிட்டதா? நான் போட்டால் 10 லட்சம்தான் வருகிறது.

கணக்கு சரிதான், வழுக்கியது நீங்கள். ‘தி டிரபிள் வித் டிரிபிள்ஸ்’ (1967 டிசம்பர் 29) எபிசோடில் ஸ்பாக் எடுத்துக்கொள்வது இது: தொடக்கத்தில் ஒரு டிரிபிள் (புசுபுசுவென்ற சிறு உருண்டை ஜந்து), ஈற்றுக்குச் சராசரி பத்துக் குட்டி, 12 மணி நேரத்துக்கு ஒரு தலைமுறை, மொத்தம் மூன்று நாள். ஆக ஆறு சுற்று. நீங்கள் ஒவ்வொரு சுற்றிலும் பத்தால் பெருக்கியிருக்கிறீர்கள். ஆனால் பத்துக் குட்டி போட்ட தாய் எங்கே போனது? அதுவும் தானியக் கிடங்கிலேயே உட்கார்ந்து தின்கிறது. எனவே பதினொன்றால் பெருக்க வேண்டும்: 11, 121, 1,331, 14,641, 1,61,051, 17,71,561. எதுவும் சாகவில்லை, பிறந்தவை எல்லாமே அடுத்த சுற்றில் குட்டி போடுகின்றன என்ற அனுமானமும் இதில் இருக்கிறது.

கிடங்குக் கதவு திறந்து கிர்க் கழுத்துவரை புதைந்த பிறகும் ஒவ்வொன்றாகத் தலையில் விழுந்துகொண்டே இருக்கிறதே, அது மேலேயிருந்து ஆட்கள் எறிந்தது.

சிறுவர்களோடு பார்க்க எது?

‘தி டெவில் இன் தி டார்க்’. சுரங்கத்தில் ஆட்களைக் கொல்லும் ஜந்து, பாறையில் ‘நோ கில் ஐ’ என்று பொறித்துவைக்கிறது. என்னைக் கொல்லாதே என்கிறதா, நான் கொல்ல மாட்டேன் என்கிறதா? அங்கே நிறுத்திச் சிறுவர்களைக் கேளுங்கள்.

அந்த ஜந்து சிலிக்கானால் ஆனது. தனிம அட்டவணையில் சிலிக்கான் கார்பனுக்கு நேர் கீழே இருக்கிறது, அதைப் போலவே நான்கு பிணைப்பு போடும். அதனால் கற்பனைக்கு இடமுண்டு. சிக்கல் மூச்சில்தான். கார்பன் எரிந்தால் வாயு, வெளியே விட்டுவிடலாம். சிலிக்கான் எரிந்தால் சிலிக்கா, அதாவது மணல். ஒவ்வொரு மூச்சுக்கும் மணலைத் துப்ப வேண்டியிருக்கும்.

மூன்றாம் சீசன் முழுக்கக் குப்பை என்பது உண்மையா?

முழுக்க இல்லை. பட்ஜெட்டைக் குறைத்து, வெள்ளி இரவு 10 மணிக்குத் தள்ளினார்கள். இந்தத் தொடரைப் பார்க்கும் இளைஞர்கள் வீட்டிலேயே இல்லாத நேரம் அது. முதல் கதையான ‘ஸ்பாக்’ஸ் பிரெயின்’ (மூளையைத் திருடிக்கொண்டு போகிறார்கள்) நாலு பேர் சேர்ந்து சிரிக்க மட்டும். ‘தி என்டர்பிரைஸ் இன்சிடென்ட்’, ‘தி தோலியன் வெப்’, ‘ஆல் அவர் யெஸ்டர்டேஸ்’ மூன்றையும் விட்டுவிடாதீர்கள்.

பழைய கிராபிக்ஸா, புதுப்பித்ததா?

2006-லிருந்து வந்த புதுப்பித்த வடிவத்தில் கப்பல், கிரகக் காட்சிகளைக் கணினியில் மறுபடி செய்தார்கள். ‘தி டூம்ஸ்டே மெஷின்’ எபிசோடுக்கு மட்டும் புதியது என்பேன். கிரகங்களைத் தின்னும் அந்த ராட்சத இயந்திரம் பழையதில் சுருட்டிய துணிபோல இருக்கும். மற்றவற்றுக்குப் பழையதே போதும். ப்ளூ-ரேயில் இரண்டும் உண்டு. எதை எடுத்தாலும் ஓடும் நேரத்தைப் பாருங்கள். சுமார் 50 நிமிடம் இருக்க வேண்டும். 45-க்கும் கீழே என்றால் மறுஒளிபரப்பு விளம்பரங்களுக்காக வெட்டிய பிரதி.

‘பீம் மீ அப், ஸ்காட்டி’ (என்னைக் கப்பலுக்கு ஏற்று என்று இன்ஜினீயர் ஸ்காட்டியிடம் கிர்க் சொல்வதாகப் பிரபலமானது) வசனம் எந்த எபிசோடில்?

எதிலும் இல்லை. கிட்டத்தட்ட அதேபோல் சில வரும். அந்த நான்கு சொற்கள் அந்த வரிசையில் வராது. கப்பலை ஒவ்வொரு கிரகத்திலும் தரையிறக்கிக் காட்டப் பணம் போதாததால்தான் ஆளைக் கரைத்து அனுப்பும் அந்த இயந்திரமே வந்தது.