விண்டோஸ் ரீஇன்ஸ்டால்னா என்ன, எதுக்கு பண்றாங்க?

கம்ப்யூட்டர்ல இருக்கற பழைய விண்டோஸை அழிச்சிட்டு புதுசா ஏத்தறதுதான் ரீஇன்ஸ்டால், சர்வீஸ் கடையில "ஃபார்மட் அடிக்கணும்"னு சொல்றது இதைத்தான். எதுக்கு பண்றாங்கன்னா, வருஷக்கணக்கா நாம போட்டு எடுத்த சாஃப்ட்வேர்ல பாதி போகும்போது முழுசா போகாது, ரெஜிஸ்ட்ரில (விண்டோஸ் தன்னோட செட்டிங்ஸை எழுதி வெக்கற இடம்) எதையாவது விட்டுட்டுதான் போகும், அதுபோக ஆன் பண்ணதுமே தானா கிளம்பற புரோகிராம் வேற வரிசை கட்டி நிக்கும், மெஷின் மெதுவாயிடும். பொங்கலுக்கு வெள்ளையடிக்க சாமானெல்லாம் திண்ணைக்கு எடுத்து வெச்சிட்டு வேணுங்கறதை மட்டும் திரும்ப உள்ள கொண்டு வர்ற மாதிரிதான் இதுவும்.

போட்டோ, டாக்குமென்ட் எல்லாம் முதல்ல வேற டிஸ்க்ல காப்பி பண்ணிடுங்க (டெஸ்க்டாப்ல கிடக்கறதும் பொதுவா அழியப்போற சி டிரைவ்லதான் இருக்கும், அதை மறந்துட்டு அப்புறம் தலையில அடிச்சுக்கறவங்க நிறைய). புது விண்டோஸை ஏத்தறதுக்கு குறைஞ்சது 8 ஜிபி பென்டிரைவ் வேணும்.

லைசென்ஸ் திரும்ப வாங்கணுமேன்னு பயப்படறாங்க, தேவையில்ல, ஏற்கனவே டிஜிட்டல் லைசென்ஸ்ல (கீ டைப் பண்ணாம, மெஷினோட பேர்லயே பதிவாகற லைசென்ஸ்) ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10, 11னா அதே மெஷின்ல அதே எடிஷன் (ஹோம், ப்ரோ மாதிரி) போட்டு நெட் கொடுத்தா பொதுவா தானா ஆக்டிவேட் ஆயிடும்.