நிலமும் நீங்களும்: தோட்டத்து வழியாக ஒரு மிதிவண்டிப் பாதை

கேள்வி: எங்கள் மிதிவண்டிக் குழு, சுங்கை சிப்புட் நகரிலிருந்து காராய் விக்டோரியா பாலம் வரை ஒரு பாதையை இணைத்து வருகிறது. பெரும்பகுதி முடிந்துவிட்டது. ஆனால், ஒரு செம்பனைத் தோட்டத்தின் வாசல் தடுப்பிலும், அதையடுத்த ஆற்றங்கரையிலும் பாதை அறுந்து நிற்கிறது. "ஐம்பது வருடமாக நாம் நடந்த சடக்கு, யாரும் தடுக்க முடியாது" என்கிறார்கள் தோட்டத்துப் பெரியவர்கள். அது சரியா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: பெரியவர்களின் உணர்வு எனக்குப் புரிகிறது. அந்தச் செம்மண் சடக்கில் பிரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) ஓடியவர்களும், பள்ளிக்கு நடந்தவர்களும், இறந்தவரைச் சுடுகாட்டுக்குத் தூக்கிச் சென்றவர்களும் அவர்கள்தாம். ஆயினும் நம் மலேசிய நாட்டுச் சட்டம் அந்த ஐம்பது வருடத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி, நெடுங்காலம் நடந்து பழகியதால் மட்டும் பிறர் நிலத்தின்மீது யாருக்கும் வழியுரிமை பிறப்பதில்லை. உரிமையாளர் எழுத்து மூலம் வழங்கி, அது நிலப்பட்டாவில் பதிவாக வேண்டும். இங்கிலாந்தில் பொதுமக்கள் 20 ஆண்டுகள் தடையின்றி, யாரிடமும் அனுமதி கேட்காமல் பயன்படுத்திய பாதையைப் பொதுவழியாகக் கருத அந்நாட்டின் 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் இடம் தருகிறது. அந்தச் சட்டம் இங்கே செல்லாது. ஆகவே, பழக்கத்தைக் காட்டித் தடுப்பைத் தாண்டிச் செல்ல வேண்டாம், அது அத்துமீறலாகும்.

சட்டத்தில் கூறப்படும் பதிவு பெற்ற வழியுரிமையும் உங்கள் குழுவுக்கு நேரடியாகக் கிடைக்காது. அது ஒரு நிலத்தின் நன்மைக்காக இன்னொரு நிலத்தின்மீது ஏற்படுவது. குழுவுக்கென்று அங்கே நிலம் இல்லை. எனவே உங்கள்முன் உண்மையில் இருப்பவை இரண்டு வழிகள். முதலாவது, தோட்ட நிறுவனத்துடன் வாடகை ஒப்பந்தம் அல்லது குத்தகை. மூன்றாண்டுக்கு மிகாத வாடகைக்குப் பதிவு தேவையில்லை. எனினும் பட்டாவில் குறிப்பு ஏற்றிக்கொண்டால், தோட்டம் கைமாறினாலும் அது உங்களைக் காக்கும். அதற்கு மேற்பட்ட காலத்துக்குப் பதிவு பெற்ற குத்தகை வேண்டும்; நிலத்தின் ஒரு பகுதிக்கான குத்தகையை 30 ஆண்டுகள் வரை எழுதலாம். குத்தகைதாரராகக் குழு நிற்பதைவிடக் கோலகங்சார் நகராண்மைக் கழகம் நிற்பதையே நான் விரும்புவேன். குழுவில் தலைவர் மாறுவார், செயலாளர் ஊர் மாறுவார். நகராண்மைக் கழகம் அங்கேயே இருக்கும்.

இரண்டாவது வழி, அதே சட்டத்தின் 388ஆம் பிரிவிலும் அதையடுத்த பிரிவுகளிலும் உள்ளது. ஆறு, கடற்கரை, ரயில் நிலையம், பொதுச்சாலை போன்ற இடங்களை மக்கள் சென்றடைவதற்காக, நில நிர்வாகி விசாரணை நடத்தித் தனியார் நிலத்தின் ஊடாகப் பொதுவழியை உருவாக்கலாம். இழப்பீடு பற்றிய பேச்சும் அதில் வரும். உங்கள் தோட்டத்துச் சடக்கு ஆற்றங்கரையையும் பொதுச்சாலையையும் தொடுகிறது என்பதை வரைபடத்தில் காட்ட முடிந்தால், மாவட்ட நில அலுவலகத்தில் கேட்பதற்கு அதுவே உங்கள் வலுவான வாதம். "உடற்பயிற்சிக்கு நல்லது" என்று தொடங்கும் மனுவைவிட, "பொதுச்சாலையிலிருந்து ஆற்றை அடைய வேறு வழியில்லை" என்று தொடங்கும் மனு எடுபடும்.

ஆற்றங்கரையைப் பொறுத்தவரை, அது அரசு நிலம்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டியில், 40 மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆற்றுக்கு இரு கரையிலும் 50 மீட்டர் ஒதுக்கு நிலம் வேண்டும் என்று உள்ளது. ஆனால் அந்த ஒதுக்கு நிலம் அரசிதழில் அறிவிக்கப்படாத இடங்களில், பழைய தோட்டத்துப் பட்டா தண்ணீரின் ஓரம் வரை நீண்டிருப்பதுண்டு. நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் பட்டாத் தேடல் செய்யுங்கள். அரசு நிலம் என்று தெரியவந்தால், டி.ஓ.எல். எனப்படும் தற்காலிக உரிமத்தோடு மட்டும் நின்றுவிட வேண்டாம். அது ஆண்டுதோறும் காலாவதியாகும். அரசிதழில் பொது ஒதுக்கு நிலமாக அறிவிக்கும்படி கேளுங்கள். நிலம் மாநிலத்தின் அதிகாரம் என்பதால், அந்தக் கோப்பு இறுதியில் மாநிலத் தலைநகர் ஈப்போவுக்குத்தான் செல்லும். சட்டமன்ற உறுப்பினரிடம் இப்போதே சொல்லி வைப்பது நல்லது.

கேள்வி: தோட்ட நிர்வாகி நல்ல மனிதர். "போய் வாருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். பிறகு எதற்குக் கடிதம், ஒப்பந்தம் எல்லாம்?
– வாசகி, அதே ஊர்

பதில்: அம்மா, அந்த வாக்கை நம்பி நானும் ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். வேறொரு வட்டாரத்தில், ஒரு தோட்டத்து நிர்வாகி வாய்மொழியாகத் தந்த அனுமதியில் ஈராண்டுகள் ஞாயிறு தோறும் மிதிவண்டி ஓட்டினோம். அவர் மாற்றலாகிப் போன மறுமாதம், வாசலில் இரும்புக் குழாய்த் தடுப்பு இறங்கியிருந்தது. புதிய பூட்டு, எண்ணெய்ப் பிசுக்குக்கூடக் காயாமல் பளபளத்தது. காவலாளி எங்களை அறிந்தவர்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு உத்தரவு, அண்ணே" என்று மட்டும் சொன்னார். எங்களிடம் காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. புதிய நிர்வாகியின்மீது எனக்குக் குறையில்லை. அவருக்கு எங்களைத் தெரியாது, தலைமையகத்துக்கும் எங்களைத் தெரியாது.

கடிதத்தைத் தோட்ட அலுவலகத்துக்கு மட்டுமன்றி நிறுவனத்தின் தலைமையகத்துக்கும் அனுப்புங்கள். அவர்களின் அச்சம் என்ன என்பதை உணர்ந்து எழுதுங்கள். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில், தன் தொழிலாளி அல்லாதவரின் பாதுகாப்புக்கும் முதலாளி பொறுப்பாகிறார். செம்பனைக் குலை ஏற்றிய லோரி வளைவில் வரும்போது உங்கள் பிள்ளை எதிரே வந்தால் என்ன ஆகும் என்பதே அவர்களின் முதல் கேள்வி. ஆகவே குலை வெட்டும் சுற்று எந்த நிரையில் நடக்கிறதோ அன்று அப்பகுதி மூடப்படும், மருந்தடிக்கும் நாட்களில் யாரும் நுழைய மாட்டார்கள், பாதை காலை 7 மணியிலிருந்து மாலை 6 மணி வரை மட்டுமே திறந்திருக்கும், மூன்றாம் தரப்புப் பொறுப்புக் காப்பீடு குழுவின் பெயரில் எடுக்கப்படும், குலை திருட்டு குறித்து எந்தச் சந்தேகம் எழுந்தாலும் உடனே தோட்டத்துக்குத் தெரிவிக்கப்படும் என்று நீங்களாகவே எழுதிக் கொடுங்கள். கடைசியில் சொன்னதை அவர்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். மனத்தில் முதலில் நிற்பது அதுதான்.

பூட்டுக்கும் ஒரு வழி உண்டு. ஒரே சங்கிலியில் இரண்டு பூட்டுகளை ஒன்றோடொன்று கோத்துப் போட்டால், தோட்டம் தன் சாவியாலும் நீங்கள் உங்கள் சாவியாலும் திறக்கலாம். எவரும் எவரிடமும் சாவி கேட்டு நிற்க வேண்டியதில்லை.

கேள்வி: அந்தத் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்கப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. அப்படியானால் எங்கள் உழைப்பெல்லாம் வீண்தானா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, நிரந்தரமான பாதை கிடைப்பதற்கு இதுவே நல்ல வேளை. தோட்ட நிலம் கைமாறுவதை நம் சமூகம் நன்கு அறியும். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற 1950களின் துண்டாடலில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையும் லயன் வீடும் இழந்து நின்றபோதுதான், உங்கள் ஊரில் பிறந்த அன்றைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளர் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் வந்த சட்டத் திருத்தத்தின்படி, 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் துண்டாடி விற்க எஸ்டேட் நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும்.

வீடமைப்புக்கு நில வகையை மாற்றவும், திட்டமிடல் அனுமதி பெறவும் மேம்பாட்டாளர் நகராண்மைக் கழகத்திடமும் நில அலுவலகத்திடமும் வந்தே தீர வேண்டும். சாலைக்கும் வடிகாலுக்கும் திறந்த வெளிக்கும் நிலத்தை அரசிடம் ஒப்படைக்கும் கட்டம் அது. உங்கள் பாதையும் அந்த வரைபடத்தில் ஒரு கோடாக இருந்தால், அது அரசின் ஒதுக்கு நிலமாக நிரந்தரமாக நிற்கும். அந்தக் கோடு முன்கூட்டியே வட்டார உள்ளூர்த் திட்டத்தில் இடம்பெற வேண்டும். 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி அந்தத் திட்டத்தின் வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது எழுத்து மூலம் கருத்துரைக்க உங்களுக்கு உரிமை உண்டு. அறிவிப்பு வெளியாகும் நாளிதழ்ப் பக்கத்தை யாராவது ஒருவர் தவறாமல் பார்த்துவரப் பொறுப்பேற்கட்டும்.

சிங்கப்பூரில் மலாயா ரயில் நிலம் 2011 ஜூலை 1 அன்று ஒரே நாளில், ஒரே துண்டாக அரசின் கைக்கு வந்தது. இன்று அந்த 24 கிலோமீட்டர் தடத்தில் மக்கள் நடக்கிறார்கள், மிதிவண்டி ஓட்டுகிறார்கள். உங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பல உரிமையாளர்களிடம் ஒவ்வொரு துண்டாகக் கேட்டுப் பெற வேண்டும். ஆனால் பாதையின் முடிவில், 1900இல் திறக்கப்பட்டு, 2002இல் ரயில் நின்றுபோன பின்னும் மக்கள் கடந்துகொண்டிருக்கும் விக்டோரியா பாலம் இருக்கிறது. அதன் அருகிலேயே புதிய பாலத்தில் மின்ரயில் ஓடுவதால், எந்த இடத்திலும் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்காதபடி உங்கள் வரைபடத்தை அமையுங்கள். தண்டவாளத்தைக் கடக்கும் ஒரு கோடு இருந்தாலும் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.