காப்பீடு உண்டு, விலையைக் கேட்காதீர்கள்

கேள்வி: அமெரிக்காவில் குடியரசுக் கட்சியினர் 'ஒபாமாகேரை ஒழிப்போம்' என்கிறார்கள். அதே மூச்சில் 'ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கும் காப்பீடு நிச்சயம்' என்கிறார்கள். இரண்டுக்கும் கைதட்டு விழுகிறது. படித்த நாட்டு மக்களுக்கு இந்த முரண்பாடு தெரியாதா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: படிப்பை ஏன் இழுக்கிறீர்கள்? ஒவ்வொருவர் காதிலும் விழுவது அவரவருக்கு வேண்டிய பாதி மட்டும்தான். சர்க்கரை நோயாளிக்குக் கேட்பது 'நிச்சயம்'. காப்பீடு எடுக்காததற்காக 695 டாலர் அபராதம் கட்டிய இளைஞனுக்குக் கேட்பது 'ஒழிப்போம்'.

நோயைக் காட்டிக் காப்பீட்டை மறுக்கக் கூடாது, பிரீமியத்தையும் கூட்டக் கூடாது என்றது, ஒபாமாகேர் என்று எல்லோரும் சொல்லும் 2010ஆம் ஆண்டுச் சட்டம். இதை மட்டும் செய்தால், நோய் வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று ஆரோக்கியமானவர்கள் ஒதுங்குவார்கள். மிஞ்சுவது நோயாளிகள், பிரீமியம் ஏறும், இன்னும் சிலர் விலகுவார்கள். எல்லோரும் காப்பீடு வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல் நியூயார்க் மாநிலம் 1993இல் இதைச் செய்துபார்த்தது; தனிநபர் பிரீமியம் எட்டாத உயரத்துக்குப் போனது. அதனால்தான் அபராதமும் மானியமும் வந்தன. 2019 முதல் அபராதம் பூஜ்யம். ஆனாலும் சந்தை சரியவில்லை. தாங்கிப் பிடித்தது மானியம். அது வரிப்பணம். ஆக, 'வரியும் வேண்டாம், கட்டாயமும் வேண்டாம், நோயாளிக்குப் பாதுகாப்பு வேண்டும்' என்பது கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

சூட்சுமம் எங்கே என்று கேட்டால், 2017 மே 4 அன்று பிரதிநிதிகள் சபையில் 217–213 என்று நிறைவேறிய குடியரசுக் கட்சியின் ஒழிப்பு மசோதாவைப் பாருங்கள். நோயாளிக்குக் காப்பீடு மறுக்கக் கூடாது என்ற விதி அதில் அப்படியே இருந்தது. கூடவே, பிரீமியத்தைக் கூட்டக் கூடாது என்ற விதியிலிருந்து மாநிலங்கள் விலக்கு பெறலாம் என்று ஒரு திருத்தம். விலக்கு பெற்ற மாநிலத்தில் ஒருவரின் காப்பீடு 63 நாள் விட்டுப்போனால், அடுத்த ஓராண்டுக்கு அவர் உடல்நிலையைப் பார்த்து விலை வைக்கலாம். கீமோதெரபி நடுவே வேலை போனவரை நினைத்துப் பாருங்கள். கம்பெனி 'இல்லை' என்று சொல்லாது; கட்ட முடியாத தொகையைச் சொல்லும்.

வயதானவர்களுக்கும் அடி. ஆண்டு வருமானம் 26,500 டாலர் உள்ள 64 வயதுக்காரர் அன்றைய சட்டப்படி மானியம் போகக் கட்ட வேண்டியது 1,700 டாலர். அந்த மசோதாவின் மார்ச் வடிவத்தில் அது 14,600 ஆகும் என்று நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் கணக்குப் போட்டது. வருமானத்தில் பாதிக்கு மேல்! இதைப் பார்த்த பிறகுதான் பலருக்கு ஒபாமாகேர் பிடிக்க ஆரம்பித்தது. ஜூலையில் செனட்டில் ஒழிப்பு முயற்சி 49–51 என்று விழுந்தது.

ஜனநாயகக் கட்சியும் சுத்தம் அல்ல. 'இப்போதுள்ள திட்டம் பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம்' என்று ஒபாமா திரும்பத் திரும்பச் சொன்னார். சட்டமோ 2010 மார்ச் 23க்கு முந்தைய பாலிசிகளுக்கு மட்டும், அதுவும் பெரிதாக மாறாமல் இருந்தால்தான், புதிய விதிகளிலிருந்து விலக்கு தந்தது. 2013 கடைசியில் லட்சக்கணக்கானோர் வீட்டுக்கு ரத்துக் கடிதம் போனது. நவம்பரில் ஒபாமா தொலைக்காட்சியில் மன்னிப்புக் கேட்டார்.

மக்கள் காதில் எது விழுகிறது என்பதற்குக் கென்டக்கி மாநிலமே சாட்சி. 2014 கருத்துக்கணிப்பில் ஒபாமாகேரைப் பிடிக்காதவர்கள் 57 சதவீதம். அதே சட்டப்படி மாநிலம் நடத்திய காப்பீட்டுச் சந்தையான 'கைனெக்ட்' பிடிக்காதவர்கள் 22 சதவீதம்தான். பெயரில் ஒபாமா இல்லை, அவ்வளவுதான்.

இனி இப்படிப்பட்ட வாக்குறுதியைப் படித்தால், யார் கட்டாயம் வாங்க வேண்டும், வயதுக்கும் நோய்க்கும் எத்தனை மடங்கு விலை வைக்கலாம், மானியம் எந்தப் பணம் என்று தேடுங்கள். 2024 செப்டம்பர் அதிபர் தேர்தல் விவாதத்தில் ட்ரம்பிடம் திட்டம் எங்கே என்று கேட்டபோது, 'திட்டத்துக்கான கருத்துகள்' இருப்பதாகச் சொன்னார். கருத்துக்கு பட்ஜெட் அலுவலகம்கூடக் கணக்குப் போட முடியாது.