அழுததால் தகுதி குறைந்துவிடவில்லை

செவிலியர் பயிற்சியில் முதன்முதலாக ஒரு குழந்தையின் மரணத்தைப் பார்த்து வார்டில் அழுதுவிட்டதாகவும், "மனதைக் கல்லாக்கிக்கொள்" என்று பயிற்சி ஆசிரியை சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த அறிவுரையை நான் ஏற்கமாட்டேன். பேசத் தெரியாத குழந்தையின் வலியை முகச்சுளிப்பு, காலசைவு, அழுகை இவற்றைக் கொண்டுதான் மதிப்பிடுகிறோம். கல்மனதுக்கு இவை எப்படிப் புலப்படும்?

மீள்திறன், அதாவது அடிபட்ட மனம் மீண்டெழும் ஆற்றல், பழகி வருவது. பெற்றோரிடம் துயரச் செய்தி சொல்வதை முன்கூட்டியே நடித்துப் பழக்கும் பயிற்சிகள் உண்டு, கேட்டுப் பாருங்கள். 1997-இல் பாஸ்டனில் தொடங்கிய ஷ்வார்ட்ஸ் சுற்றுகள் என்ற கூட்டங்களில் மருத்துவர், செவிலியர் அனைவரும் அமர்ந்து, சிகிச்சை விவரங்களை ஒதுக்கிவைத்து, அந்த அனுபவம் தங்களை என்ன செய்தது என்று மட்டும் பேசுகிறார்கள். உங்கள் மருத்துவமனையில் அப்படி எதுவும் இல்லையென்றால், நம்பிக்கையான மூத்த செவிலியர் ஒருவரிடம் தொடர்ந்து பேச நேரம் கேளுங்கள். உடனே எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்க வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால் மறுத்துவிடலாம். ஒரே ஒருமுறை கட்டாயமாக உட்காரவைத்துப் பேசவைப்பதால் பெரிய பலன் இல்லை.

தூக்கமின்மையும் அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருவதும் ஒரு மாதத்துக்குமேல் நீடித்தால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். ஆள் பற்றாக்குறையால் வரும் சோர்வு வேறு. அதை மூச்சுப்பயிற்சி தீர்க்காது, நிர்வாகம்தான் தீர்க்க வேண்டும்.