இலங்கை 2021 உரத்தடை: இயற்கை விவசாயம் தோற்றதா?

2021 உரத்தடையோடு இலங்கையில் இயற்கை விவசாயம் தோற்றுவிட்டது என்று உங்கள் கட்டுரையில் எழுதலாமா என்று கேட்டீர்கள். அப்படி எழுத வேண்டாம். ‘இயற்கை விவசாயம் சாத்தியமில்லை’ என்பதற்கு 2021 இலங்கை உரத்தடை சான்றாகாது. அவகாசமே தராமல் இலக்கு வைத்தால் உழவருக்கு என்ன ஆகும் என்பதற்குத்தான் அது சான்று. மே மாதம் ரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள், நவம்பரில் தடையை விலக்கினார்கள். அதற்குள் அங்குள்ள முக்கிய நெல் பருவமான பெரும்போகத்தின் விதைப்பே தொடங்கிவிட்டது.

விளைச்சல் சரிந்ததற்கு முக்கியக் காரணம் தழைச்சத்து (நைட்ரஜன்) பற்றாக்குறை. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது 50 கிலோ மூட்டையில் 23 கிலோ. கம்போஸ்டில் 2 சதவீதம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், அந்த 23 கிலோவுக்கு 1,150 கிலோ கம்போஸ்ட் வேண்டும். அதுவும் பயிருக்கு மெதுவாகத்தான் கிடைக்கும். ஒரு மூட்டைக்கே இப்படி என்றால், ஒரு நாட்டின் வயல்களுக்கு ஆறே மாதத்தில் எங்கே போவது? நெல் தூர் கட்டும் (பக்கத் தண்டுகள் விடும்) நேரத்தில், தழைச்சத்து இல்லாமல் அடி இலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகி வருவதைப் பார்த்து நிற்பது சாதாரண வேதனை இல்லை.

ஒப்பிட இந்தியாவின் சிக்கிம் மாநிலத்தை எடுங்கள். இயற்கை விவசாயத்துக்கு மாறுவதாக 2003-இல் அறிவித்தார்கள்; முழு இயற்கை மாநிலம் ஆனது 2016-இல்தான்.

ஆனால் ஒன்று, இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது: சிக்கிம் சிறிய மாநிலம், அரிசிக்கு வெளியிடங்களை நம்பியிருக்கிறது. இலங்கையிலும் அப்போதே டாலர் தட்டுப்பாடு இருந்தது. 2022 சிறுபோக (இலங்கையின் இரண்டாவது நெல் பருவ) விளைச்சலையும் கட்டுரையில் சேர்ப்பதானால், அந்த வருட டீசல் தட்டுப்பாட்டையும் சேர்த்தே எழுதுங்கள்.