ஒன்றரை வயதுப் பையனுக்கு செரிப்ரல் பால்சி. ஸ்டெம் செல் சிகிச்சை செய்தால் நடந்துவிடுவானா?

'இந்த மாதமே பணம் கட்டச் சொல்கிறார்கள்' என்று கேள்வியின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். என் மகளுக்கும் இதுதான், வளரும் மூளையில் ஏற்பட்ட சேதத்தால் வரும் அசைவுக் குறைபாடு. அவளுக்கு இரண்டு காலிலும் தசை இறுக்கம். இப்போது ஒன்பது வயது.

கட்டாதீர்கள். ஸ்டெம் செல்லில், அதாவது வேறு வகை செல்களாக மாறக்கூடிய செல்களை உடலில் செலுத்தும் சிகிச்சையில், ஒழுங்கான ஆய்வுகள் நடக்கின்றன, சிலவற்றில் சிறு முன்னேற்றமும் தெரிந்திருக்கிறது. ஆனால் 'நடக்க வைக்கிறோம்' என்று வாக்குக் கொடுத்துக் காசு வாங்கும் அளவுக்கு அதில் இன்னும் ஆதாரம் இல்லை.

நாங்கள் ஏமாந்தது வேறு விதம். முதலில் போன இடத்தில் ஒரு வருடம் அவளைப் படுக்கவைத்துக் காலை மடக்கி நீட்டினார்கள். அந்தக் காலுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதது போல மேலே பார்த்துக்கொண்டு கிடப்பாள். அப்புறம் வந்த தெரபிஸ்ட் ஒரு சாக்ஸை அவள் கையில் கொடுத்துவிட்டு என்னைத் தள்ளி உட்காரச் சொன்னார். விரல்வரை மாட்டினாள், நழுவியது. மறுபடி மாட்டினாள், குதிகாலில் சிக்கியது. பதினோரு நிமிடம். என் கை சும்மா இருக்காது என்று தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். அன்றிலிருந்து வீட்டில் சாக்ஸ்தான் தெரபி. பிறர் அசைத்துவிடுவதைவிட, தனக்கு வேண்டிய வேலையைக் குழந்தையே திரும்பத் திரும்பச் செய்வதுதான் பலன் தருகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. இறுகிய தசையில் போட்டாக்ஸ் ஊசியும் போடுவார்கள். மூன்று மாதம் போல இறுக்கம் தளரும், அந்த இடைவெளியில் பயிற்சி கொடுக்காவிட்டால் வீண்.

நடப்பானா என்பதைப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. குழந்தை எந்த அளவுக்குத் தானாக நடமாடும் என்பதைப் பிரிக்க 1997இல் வந்த ஜிஎம்எஃப்சிஎஸ் என்ற அளவுகோலில் ஐந்து நிலைகள் உண்டு. பையன் எந்த நிலை என்று டாக்டரிடம் கேளுங்கள். இரண்டு வயதுக்குள் பிடிமானம் இல்லாமல் தானாக உட்கார்ந்துவிட்டால் நம்பிக்கை அதிகம்.

பிரசவத்தில் கோட்டை விட்டோமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். பிறக்கும்போது மூச்சு முட்டியதால் வருவது குறைவு. பல குழந்தைகளுக்குக் காரணம் கருவிலேயே தொடங்கிவிடுகிறது. மனோதத்துவத்துக்குப் பேர்போன ஃபிராய்டு நரம்பியல் மருத்துவராக இருந்த 1897இலேயே, கஷ்டப் பிரசவமே முன்பிருந்த கோளாறின் அடையாளமாக இருக்கலாம் என்று எழுதினார். நூறு வருடத்துக்கு மேலாகியும் அம்மாக்கள்தான் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

யாரும் எங்களிடம் முதலிலேயே சொல்லாதது இடுப்பு. மூளையில் ஏற்பட்ட சேதம் வளராது, ஆனால் எலும்பு வளரும், இறுகிய தசை அதற்கு ஈடுகொடுக்காது. இந்தக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்குத் தொடை எலும்பின் தலை இடுப்புக் கிண்ணத்தை விட்டு விலக ஆரம்பிக்கிறது. எவ்வளவு நாளைக்கு ஒருமுறை எக்ஸ்ரே என்று கேட்டு, தேதி வாங்கிவிட்டு வாருங்கள். என் மகளுக்கு நாலு வயதில் எடுத்த படத்தில் இடது இடுப்பு மூட்டு நகர்ந்திருந்தது. அதுவரை வலிக்கிறது என்று அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.